தோட்டா நிரப்பும் இயந்திரமும் தம்பலகாமத்து மாமாவும்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் அழைப்பு எடுத்தான். தம்பலகாமத்திலிருந்து கிளினிக்குக்கு வந்திருந்த அவனுடைய அப்பா, அதாவது என் மாமா, அன்று உட்துறைமுக வீதிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், நான் இப்ப துவக்குச் சுடுற கிளப் ஒண்டில சேர்ந்திருக்கிறன். தோட்டா வாங்கிக் கட்டாது. வீட்டிலேயே நிரப்புற மெஷின் ஒண்டு வாங்கப்போறன். எது நல்லது எண்டு கொஞ்சம் தேடிச் சொல்லு. சித்திரையில வரேக்க அப்பாவுக்கும் சின்னன் ஒண்டு கொண்டு வரட்டா? பண்டிக்கு உதவும்."

மாமா எழுந்து போய் வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அவன் கேட்டதில் எந்தக் குற்றமும் இல்லை. அவன் வாழும் நாட்டில் அது தச்சு வேலை போல ஒரு பொழுதுபோக்கு. இவர் வாழும் ஊரில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதே பயம். அவனுக்காகத் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இந்த விளையாட்டைத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்கள் பெட்டியோடு வந்திறங்கும்போது வாசலில் நிற்கும் நமக்கும் இது தேவை.

விளையாட்டு எது?

மச்சான் பழகுவது ட்ராப். ஒரு பொறி களிமண் தட்டை வானில் வீசும். அது பறந்து மறைவதற்குள் சொட்கன்னால் உடைக்க வேண்டும். தட்டு என்றாலும் அது சுட்ட களிமண் அல்ல. தார்ப் பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து வார்த்தது. சர்வதேசப் போட்டியில் அதன் விட்டம் 110 மில்லிமீற்றர், எடை 105 கிராம் அளவில் இருக்கும். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஒருவர் 125 தட்டுகளுக்குச் சுடுகிறார்.

தமிழர்களுக்கு இது அந்நியமான விளையாட்டும் அல்ல. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 2024 பரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டு. வார இறுதியில் நான்கு சுற்றுச் சுட்டால் 100 தோட்டா முடிந்துவிடும். வீட்டில் நிரப்பும் எண்ணம் இங்கேதான் வருகிறது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

சொட்கன் தோட்டாவில் ஐந்து பொருட்கள். வெளியே பிளாஸ்டிக் கோது, அதன் அடியில் உலோகத் தொப்பி. தொப்பியின் நடுவில் பிரைமர். துவக்கின் ஊசி தட்டும்போது பொறி தருவது அதுதான். அதற்கு மேல் புகையற்ற வெடிமருந்து. அதன்மேல் வாட் எனப்படும் பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஈயச் சன்னம். கடைசியில் கோதின் வாயை ஆறாகவோ எட்டாகவோ மடித்து மூடிவிடுகிறார்கள்.

சுட்ட பிறகு கோது மட்டும் மிஞ்சும். நல்ல கோதைப் பல தடவை பாவிக்கலாம். இயந்திரம் செய்வது இவ்வளவுதான்: பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும், தொப்பியைப் பழைய அளவுக்குச் சுருக்கும், புதுப் பிரைமரை இறுக்கும், மருந்தையும் சன்னத்தையும் அளந்து கொட்டும், வாயை மடிக்கும்.

மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய அப்பா காலத்தில் வன்னியிலும் இங்கும் இடியன் துவக்கு இருந்தது. மருந்தையும் சன்னத்தையும் குழல் வாயால் போட்டுத் துணியை வைத்து இடிப்பார்கள். "அந்தக் கிழவன் கையளவில செய்ததை இவன் மெஷினில செய்யிறான்" என்றார். பிறகு, "கையளவு பிழைச்சு விரல் போனவங்களும் இருந்தாங்கள்" என்றும் சொன்னார்.

எதை வாங்குவது?

தொடக்கக்காரருக்கு இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவைக் கையில் எடுத்து நிலையம் நிலையமாக நகர்த்தும் பொறி. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் தொடங்கிய மெக் நிறுவனத்தின் 600 ஜூனியர் இந்த வகையில் நெடுங்காலம் ஓடும் ஒன்று. லீ நிறுவனத்தின் லோட்-ஆல் அதைவிட மலிவு, பெரும்பாலும் பிளாஸ்டிக். மற்றது, கைபிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் வேலை செய்து, இழுப்புக்கு ஒரு தோட்டா தரும் பொறி.

முதலாவதைத்தான் வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு கோதும் கையில் வருவதால் மருந்து விழுந்ததா, இருமுறை விழுந்ததா என்று கண்ணால் பார்க்கலாம். வேகமான பொறியில் ஒரு பிழை நடந்தால், அது தெரிவதற்குள் பத்துத் தோட்டா பெட்டிக்குள் போயிருக்கும்.

பொறியை விட முக்கியமான இரண்டு பொருட்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று நல்ல தராசு. பொறியின் அளவுக் குழியில் இன்ன எடை விழும் என்று அட்டவணை சொல்லும். மேசை அசைந்தால், கை வேகம் மாறினால் உண்மையில் விழுவது வேறாக இருக்கும். மருந்தை அளப்பது கிரெயினில். ஒரு கிராமில் 15க்கும் சற்று அதிகமான கிரெயின்கள் உண்டு. இவ்வளவு சிறிய அளவைக் கண் மதிப்பில் விட முடியாது. மற்றது மருந்துக் கம்பனி வெளியிடும் அளவு அட்டவணை. அதில் எந்தக் கோது, எந்தப் பிரைமர், எந்த வாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். "இதுவும் அதைப் போலத்தானே" என்று ஒன்றை மாற்றினால் குழலுக்குள் அழுத்தம் மாறிவிடும்.

சர்வதேச விதியில் சுட விரும்புபவருக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒலிம்பிக் முறையில் சன்னத்தின் எடை 24 கிராம். விட்டுக்கொடுப்போடு சேர்த்து 24.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அமெரிக்கப் பொறிகளின் அளவுகோல் அவுன்ஸில் இருக்கும். அதிலுள்ள 7/8 அவுன்ஸ் 24.8 கிராம். பெயரைப் பார்த்து வாங்கினால் போட்டியில் தோட்டாவைச் சோதிக்கும்போது மாட்டிக்கொள்வார். மச்சான் சுடும் வட அமெரிக்க ட்ராப்பில் எல்லை 1 1/8 அவுன்ஸ் என்பதால் அவனுக்கு இப்போதைக்குச் சிக்கலில்லை. ஆனால் வீட்டில் நிரப்பிய தோட்டாவை அனுமதிக்காத கிளப்புகளும் போட்டிகளும் இருக்கின்றன. முதலில் அதைக் கேட்க வேண்டும்.

காசு மிஞ்சுமா?

இதில்தான் அவன் ஏமாந்தான். 12 கேஜ் தோட்டா கடையில் பெருந்தொகையாகக் கிடைக்கிறது. சன்னம், மருந்து, பிரைமர், வாட் நான்கையும் சில்லறையாக வாங்கி, தன் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இராது. 28 கேஜ், .410 போன்ற சிறிய தோட்டாக்கள் கடையில் விலை கூட. அங்கேதான் நிரப்புவதில் இலாபம். ஆகவே முதல் வருடம் கடைத் தோட்டாவையே சுடு, கோதுகளை ஒரே வகையாகச் சேர்த்து வை, அதற்குள் கிளப்பில் அனுபவமுள்ள ஒருவரிடம் பழகு என்றேன்.

ஆபத்துகளையும் சொன்னேன். மருந்து விழாத தோட்டாவைச் சுட்டால் மந்தமான ஒரு சத்தம் மட்டும் வரும். வாட் குழலுக்குள் சிக்கி நிற்கக்கூடும். குழலைத் திறந்து பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மருந்தை எப்போதும் அதன் சொந்தக் கொள்கலனில் வைக்க வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகைதான் இருக்க வேண்டும். ஈயத் தூசி கையால் வாய்க்குப் போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பதால் குசினி மேசையில் இந்த வேலை கூடவே கூடாது. அவனுக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள்.

பெட்டிக்குள் வைக்காதே

இனி மாமாவுக்குக் கொண்டு வரும் கதை.

கனடாவில் துவக்கு உரிமம் எடுத்தவருக்குத் தன் சொந்தப் பாவனைக்காகத் தோட்டா நிரப்ப அந்த நாட்டின் விதிகள் இடம் தருகின்றன. இலங்கையில் துவக்கை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், வெடிமருந்தை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் ஆள்கின்றன. பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி பெற்ற துவக்கு ஒருவரிடம் இருக்கலாம். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தத் துண்டு வீட்டில் மருந்து வைத்துத் தோட்டா நிரப்பும் அனுமதி ஆகாது. இவற்றுக்கு மேலே 1979இலிருந்து பயங்கரவாதத் தடைச் சட்டமும் இருக்கிறது. அது யார் தலையில் எப்படி விழுந்தது என்று இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

விமானத்திலும் இடமில்லை. தளர்ந்த வெடிமருந்தும் பிரைமரும் பயணிகள் பொதியில் முற்றாகத் தடை.

இது திருகோணமலை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். உடல்களில் இருந்தவை சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டிய படங்களை எடுத்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். துவக்கைப் பற்றி எழுதும் எவருக்கும் இந்த ஊரில் அந்த இரண்டு திகதிகளும் முன்னால் வந்து நிற்கும்.

மாமாவிடம் ஒரு காலத்தில் அனுமதித் துண்டோடு துவக்கு இருந்தது. எண்பதுகளில் கையளிக்கச் சொன்னார்கள், கையளித்தார். திரும்பி வரவில்லை. தொண்ணூறுகளில் ஒரு சுற்றிவளைப்பின்போது அவருடைய வயல் வரம்பில் துருப்பிடித்த பழைய கோது ஒன்று அகப்பட்டது. அது அவருடைய பழைய துவக்கின் கோது. துண்டைக் காட்டினார், துவக்கு எங்கே என்று கேட்டார்கள். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அந்த இரண்டு நாளில் நடந்ததை அவர் இன்றுவரை மாமியிடம்கூடச் சொன்னதில்லை. மச்சானுக்கு அப்போது நாலு வயது.

இப்போதும் பன்றி வருகிறது. யானையும் வருகிறது. மாமா தகரம் தட்டுகிறார், அறுவடை நெருங்கினால் இரவிரவாகக் காவல் கிடக்கிறார்.

இதையெல்லாம் மச்சானுக்குச் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. கடைசியில் மாமா தொலைபேசியைக் கையில் வாங்கினார். "நீ அங்க வடிவாச் சுடு மகன். பழக்கினவங்கள் சொல்லுறதைக் கேட்டுச் சுடு. இஞ்ச வரேக்க ஒரு வேலை செய். சுடுற இடத்துக்குப் போட்டுப்போற ஜக்கெற், காற்சட்டை எல்லாப் பொக்கெற்றையும் ஒருக்கா உதறிப்போட்டு வா. வெறுங்கோது ஒண்டுகூட வரக்கூடாது."

அவன் சிரிக்கவில்லை. "சரியப்பா" என்றான். பிறகு, நெல் எப்ப வெட்டுறீங்கள் என்று கேட்டான்.