ஆட்குறைப்புக்கு ஆயத்தமாதல்: அந்தமான் அனுபவம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் 1977இல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. காட்டு மரத் தொழில், லிட்டில் அந்தமானில் எண்ணெய்ப் பனை, கச்சால் தீவில் ரப்பர் ஆகிய மூன்றும் அதன் முக்கியப் பணிகளாக இருந்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டதால், தமிழர்க்கும் இக்கழகத்துடன் தொடர்புண்டு. ஆயினும் கழகத்தின் வருவாயில் பெரும்பகுதி மரத்திலிருந்தே கிடைத்தது.

2001 அக்டோபரிலும் 2002 மே மாதத்திலும் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் மரம் வெட்டுதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வருவாய் நின்றது. அதன் பின்னர் மத்திய அரசு வட்டிக்கு அளித்த கடனைக் கொண்டே ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்கப்பட்டு வந்தது. 2017 ஆகஸ்டில் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தபோது 836 பேர் பணியில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வேலையற்ற உபரி ஊழியர்கள்.

மூலப்பொருள் நின்றதற்கும் நிறுவனம் மூடப்பட்டதற்கும் இடைப்பட்ட காலம் பதினைந்து ஆண்டுகள். இதைவிட நீண்ட முன்னறிவிப்பு எத்தொழிலாளிக்கும் கிடைப்பது அரிது. ஆனால் இத்தகைய முன்னறிவிப்பு ஓலையாக வருவதில்லை. விற்பனை குறைவதும், காலியிடங்கள் நிரப்பப்படாதிருப்பதும், சம்பளத்திற்கே கடன் வாங்கப்படுவதும்தான் அதன் வடிவங்கள். மாதச் சம்பளம் வரும்வரை இவை கண்ணில் படுவதில்லை.

சட்டம் தரும் அவகாசமோ மிகக் குறுகியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி, ஓராண்டேனும் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத அறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் வழங்கப்பட வேண்டும். இருபதாண்டு உழைத்தவருக்கு இது ஏறத்தாழ பத்து மாதச் சம்பளம். பணிக்கொடையும் சேமநல நிதியும் தனி. பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாளோ பெயரோ பிழையாக இருப்பின், அதனைத் திருத்துவதற்குரிய காலம் அலுவலகம் இயங்கும்போதுதான். பூட்டிய பின்னர் எவரிடம் மனுக் கொடுப்பது? மொத்தமாக வரும் தொகை பழைய கடனுக்கும் பெண்ணின் திருமணத்திற்கும் போய்விடுவது நாடறிந்த செய்தி. ஆகவே சம்பளம் வரும்போதே கடனைக் குறைப்பது முதல் ஆயத்தமாகும்.

இரண்டாவது ஆயத்தம் மாற்றுத் தொழில். ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு அருகிலுள்ள சிப்பிகாட் அரசுப் பண்ணையில் கிராம்பு, சாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு ஆகியவை வளர்க்கப்படுகின்றன. மிளகுக் கொடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகளாகும். கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் ஏழெட்டு ஆண்டுகள் தேவை. பத்து மாதச் சம்பளத்துடன் வெளியேறியவர் அன்று கிராம்புக் கன்று நட்டால், அது காய்க்குமுன் கையிருப்பு தீர்ந்துவிடும். தென்னந்தோப்பின் ஊடுபயிராக 2002இல் நட்டிருந்தால், 2010 வாக்கில், அதாவது பணியில் இருந்தபோதே, அறுவடை கிடைத்திருக்கும். நிலமற்றோர்க்கும் இக்கணக்கு பொருந்தும். ரம்பத் தொழிலாளி தச்சராகவும், லாரிப் பணியாளர் படகு எந்திரம் பழுதுபார்ப்பவராகவும் தேர்ச்சி பெற ஓரிரு ஆண்டுகளேனும் வேண்டும். ஆட்குறைப்புக்குள்ளான தொழிலாளியின் மறுதிறன் நிதிக்காக வேலையளிப்பவர் செலுத்த வேண்டியது 15 நாள் ஊதியம் மட்டுமே.

நிலத்தை மட்டும் நம்புவதும் போதாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமான் தாழ்ந்ததால், சிப்பிகாட் தாழ்நில வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. நெல் விளைந்த இடங்களில் இன்று நீர்ப்பறவைகள் கூடுகின்றன. நீர் தேங்கும் தாழ்நிலங்களுக்கென வேளாண் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறையில், மண்ணை வெட்டி உயர்த்திய அகன்ற மேடைகளில் காய்கறியும், இடையிலுள்ள பள்ளங்களில் மீனும் வளர்க்கப்படுகின்றன.