மேற்கல்விக்கு உதவித்தொகை: மூன்று இடங்கள், மூன்று சான்றுகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குமிடத்தில் அமைந்த சிற்றூர் கல்லாறு. அங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். அடிவாரத்தில் ரப்பர் மரங்கள். தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. கல்லாற்றுக்குக் கீழே, விதுராவில், 2008-இல் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில், 2007-இல் தோன்றிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உயர்கல்வி இவ்வளவு அருகில் வந்து நிற்கையிலும், பள்ளிப் படிப்போடு நின்றுவிடும் பிள்ளைகள் உழைப்பாளர் குடும்பங்களில் இருக்கவே செய்கிறார்கள்.

இதற்கு வறுமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், உதவி கிடைக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டுக் கிடைக்காத இடத்தில் விண்ணப்பித்து, ஓராண்டை இழந்து, மனம் சோர்ந்து விலகுவோரும் உளர். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இந்த இடர் சற்று மிகுதி. ஆதலால், வழி தேடுமுன் தெளிந்துகொள்ள வேண்டிய மூன்று கேள்விகளை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். மாணவர் படித்த இடம் எது? குடும்பம் சட்டப்படி சேர்ந்த மாநிலம் எது? பெற்றோர் உழைக்கும் இடம் எது? உதவித்தொகைகளுள் பெரும்பாலானவை இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றி நிற்பவை. மூன்றையும் ஒன்றெனக் கருதுவதே குழப்பத்தின் தொடக்கம்.

முதலாவது, படித்த இடம். மத்தியக் கல்வி அமைச்சகம் கல்லூரி மாணவர்க்கு வழங்கும் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேர் வரை இதனைப் பெறலாம். அவற்றுள் பாதி பெண்களுக்கு உரியது. பட்டப்படிப்பின் முதல் 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ. 12,000; முதுகலைக்கு ரூ. 20,000. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 4,50,000-க்கு மேற்படலாகாது. பன்னிரண்டாம் வகுப்பில், தாம் எழுதிய தேர்வு வாரியத்தில் தேறியோருள் மேல்நிலையில் உள்ள ஐந்தில் ஒரு பங்கினருள் மாணவர் இடம்பெற வேண்டும். இங்கே தாய்மொழியும் பூர்விகமும் கேட்கப்படுவதில்லை. கேரள வாரியத்தில் படித்த தமிழ் மாணவி கேரள வாரியத்து மாணவியாகவே எண்ணப்படுவாள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் பயின்றவர் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கணக்கில் வருவார்.

அடிப்படை அறிவியல் பயில விரும்புவோர்க்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை உண்டு. தம் வாரியத்தில் முதல் ஒரு விழுக்காட்டினருள் வந்து, அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ரூ. 80,000 என்பது இதன் மதிப்பு.

படித்த இடம் பற்றிய இதே விதி மறுபுறமும் வேலை செய்யும். தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரி மாணவர்க்கு மாதம் ரூ. 1,000 அளிக்கின்றன. அவை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோரைக் கருதி எழுந்தவை. கல்லாற்றிலோ தாராவியிலோ வளர்ந்து அவ்வூர்ப் பள்ளியில் படித்த பிள்ளை, வீட்டில் தமிழ் பேசுகிறது என்பதனால் மட்டும் அவற்றுக்கு உரியதாகாது. இதனை முன்பே அறிந்தால் ஏமாற்றமும் காலவிரயமும் இல்லை.

இரண்டாவது, குடும்பம் சேர்ந்த மாநிலம். பட்டியல் சாதி மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய படிப்பிற்கான உதவித்தொகை 1944-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. கட்டணத்தையும் பராமரிப்புப் படியையும் தாங்கும் இவ்வுதவிக்கு, குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2,50,000-க்கு உட்பட்டிருத்தல் வேண்டும். மத்திய அரசு இதற்குப் பெரும் பங்கு பணம் தந்தாலும், வழங்குவது மாணவர் சேர்ந்த மாநிலத்தின் அரசே. படிக்கும் கல்லூரி எங்கிருந்தாலும், சொந்த மாநிலத்திடமே விண்ணப்பித்தல் வேண்டும்.

சொந்த மாநிலம் எது என்பதில்தான் சிக்கல். பட்டியல் சாதிகளைக் குறிக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10-இல் வெளிவந்தது. அது மாநிலந்தோறும் தனித்தனிப் பட்டியலை உடையது. ஆணை வெளிவந்தபோது குடும்பம் எந்த நிலப்பகுதியில் நிலையாகக் குடியிருந்தது என்பதே அடிப்படை. அதன்பின் வேறு மாநிலத்திற்குப் பெயர்ந்தவர், பூர்விக மாநிலத்தின் தகுதியை இழப்பதில்லை. எனினும் குடிவந்த மாநிலத்தின் சலுகையை அத்தகுதியைக் கொண்டு பெற இயலாது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறு தீர்ப்பளித்தது.

ஆதலின், முன்பே கேரளத்தில் நிலைபெற்ற குடும்பத்தினர், தம் சாதி கேரளப் பட்டியலில் இருப்பின், பழைய தோட்டப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு முதலியவற்றைக் கொண்டு அதனை நிறுவ முயல வேண்டும். பின்னர் வந்தவர்கள் தந்தையார் பெயரில் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சான்றிதழைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதனைக் காட்டினால், வசிக்கும் மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்று வழங்கலாம் என்று மத்திய உள்துறை 1982-இல் அறிவுறுத்தியுள்ளது. அச்சான்று பூர்விக மாநிலத்தைக் குறித்தே இருக்கும். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் இடம் கோரும்போது அது பயன்படும். பெட்டியின் அடியில் கிடக்கும் தந்தையாரின் பழுத்த காகிதம், மகளின் கல்லூரிக் கதவைத் திறக்கும் திறவுகோலாகலாம்.

மூன்றாவது, பெற்றோர் உழைக்கும் இடம். இவ்வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தேயிலை வாரியம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி அளிக்கிறது. கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியத்திற்கும் இத்தகைய திட்டம் உண்டு. பீடித் தொழிலாளர், திரைத்தொழிலாளர், சில வகைச் சுரங்கத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வகுப்பிற்கேற்ப ஆண்டுக்கு ரூ. 1,000 முதல் ரூ. 25,000 வரை வழங்குகிறது. கட்டட வேலை செய்வோர்க்கு, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மாநிலந்தோறும் நல வாரியங்கள் எழுந்தன. வேலை செய்யும் மாநிலத்தில் பதிவு செய்துகொண்ட தொழிலாளியின் பிள்ளை, அவ்வாரியத்தின் கல்வி உதவியைக் கேட்கலாம். பூர்விகம் எதுவாயினும், உழைப்புக்குச் சான்று இருந்தால் போதும் என்பது இவ்வழியின் சிறப்பு. ஆகவே, தொழிலாளர் பதிவு அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுதல் பிள்ளையின் படிப்பையும் பாதிக்கும்.

இனி, விண்ணப்பிக்கும் முறை. மத்திய அரசின் பல உதவித்தொகைகளுக்கு, 2015-இல் தொடங்கப்பெற்ற தேசிய உதவித்தொகை இணையதளமே வாயில். ஆதார் எண்ணைக் கொண்டு ஒரு முறை பதிவு செய்தால், படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே பதிவெண். விண்ணப்பத்தைக் கல்லூரி முதலில் சரிபார்க்கும். பின்னர் மாவட்ட அல்லது மாநில அலுவலர் சரிபார்ப்பார். தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கு நேரே வரும். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. பணம் கொடுத்தால் உதவித்தொகை பெற்றுத் தருவதாகச் சொல்வோரை நம்பலாகாது. கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்க்கு 'இ-கிராண்ட்ஸ்' என்னும் தனித் தளம் உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கு அட்சய மையங்கள் வழியே விண்ணப்பிக்கலாம்.

இங்கே மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் நன்கறிந்த இடர் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தமிழர் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தை இடுவர். ஒரு சான்றில் அவ்வெழுத்து முன்னால் நிற்கும். மற்றொன்றில் பின்னால் வரும். மூன்றாவதில் தந்தையின் முழுப் பெயராக விரியும். தமிழிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒரு வடிவிலும், மலையாளத்திலிருந்து எழுதியது வேறொரு வடிவிலும் அமையும். ழகரம் உள்ள பெயர்களுக்கு இத்தொல்லை அதிகம். கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு மனிதர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாதிருக்கப் பதினொன்றாம் வகுப்பிலேயே திருத்திக்கொள்வது நலம்.

உதவித்தொகை கல்லூரியில் சேரும் நாளில் கைக்கு வருவதில்லை. முதற்கட்டணம் அதற்கு முன்பே வந்துவிடும். இந்த இடைவெளிக்குக் கல்விக் கடன் பாலமாகலாம். ரூ. 4,00,000 வரையிலான கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. 2024 நவம்பரில் ஏற்கப்பட்ட பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்வோர் ஈடும் பிணையாளியும் இன்றிக் கடன் பெறலாம். குடும்ப வருமானம் ரூ. 8,00,000 வரை உள்ளவர்க்கு, ரூ. 10,00,000 வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. எனினும் கடன் திருப்பித் தர வேண்டியது, உதவித்தொகை அவ்வாறன்று. முன்னதை நாடுமுன் பின்னதைத் தேடி முடித்தல் அறிவுடைமை.

நம் முன்னோர் இதனை 'உபகாரச் சம்பளம்' என்றனர். அச்சொல்லில் யாரோ இரங்கி அளிப்பது என்னும் சாயல் உண்டு. இன்று இவை பொதுப்பணத்திலிருந்து, வகுக்கப்பட்ட விதிப்படி வழங்கப்படுபவை. தகுதியுள்ள மாணவர் கூச்சமின்றிக் கேட்கத்தக்கவை. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சேரும் ஆண்டிலேயே, படித்த இடம், சேர்ந்த மாநிலம், உழைக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் உரிய சான்றுகளை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டார் ஒருவர், தெரியாத ஒரு குடும்பத்திற்கு இவ்வளவு செய்து கொடுத்தாலும், அத்தெருவில் ஒரு பட்டதாரி கூடுவார்.