உங்களுக்குத் தெரியுமா? லட்லோ: சந்தை கட்டிய ஊர்

இங்கிலாந்து போகிறவர்களில் பலர் லண்டனைச் சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த நாட்டின் பழைய வாழ்க்கையைக் கண்ணால் காண வேண்டுமென்றால் கிராமப்புறத்துச் சந்தை நகரம் ஒன்றுக்குப் போக வேண்டும். வேல்ஸ் எல்லையோரம், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், டீம் ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது லட்லோ. மக்கள்தொகை சுமார் 10,000. சட்டப் பாதுகாப்பு பெற்ற பழைய கட்டடங்கள் ஏறத்தாழ 500!

ஒரு பகலை மூன்றாகப் பிரித்த சட்டம்
இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்டிவிட முடியாது. அருகிலுள்ள சந்தைக்கும் புதிய சந்தைக்கும் இடையே 6⅔ மைலாவது இருக்க வேண்டும் என்கிறது பிராக்டன் பெயரில் வழங்கும் 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல். கணக்கு எளியது. ஒருவர் ஒரு நாளில் 20 மைல் நடப்பார். அந்த நாளில் மூன்றில் ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு விற்க வாங்க, ஒரு பங்கு இருட்டுமுன் வீடு திரும்ப. ஆங்கிலேயச் சந்தை நகரங்கள் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருப்பதன் பின்னணி இதுதான்.

முன்பக்கம் குறுகல், பின்பக்கம் நீளம்
லட்லோ தானாக வளர்ந்த ஊர் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டு அமைத்தது. கோட்டை வாசலிலிருந்து அகன்ற சந்தைத் தெரு கிளம்பியது. தெருவைப் பார்த்துக் கடை வைக்க எல்லோரும் விரும்பியதால் மனைகளை முகப்பில் குறுக்கி, பின்னால் நீட்டிப் பிரித்தார்கள். தெரு நடுவே போட்ட தற்காலிகக் கடைகள் காலப்போக்கில் நிரந்தரக் கட்டடங்களாகிவிட்டன. இன்று அங்கே நாம் நுழைந்து வரும் சந்துகளில் பல அந்தக் கடை வரிசைகளின் இடைவெளிகள்தாம்.

ஏழில் மிஞ்சியது ஒன்று
மதில் கட்ட வரி வசூலிக்கும் உரிமையை 1233இல் ஊர் பெற்றது. மதிலுக்கு ஏழு வாயில்கள். இன்று முழுதாக நிற்பது 'பிராட் கேட்' மட்டும். வாயிலின் மேல் வீடு. அடியில் கார்கள் ஒவ்வொன்றாக நுழைந்து போகின்றன.

அளவில் ஏமாற்றினால் நரகம்
புனித லாரன்ஸ் தேவாலயத்தின் பாடகர் இருக்கைகளை மடக்கிப் பாருங்கள். நெடுநேரம் நின்று ஜெபிப்பவர்கள் சாய்ந்துகொள்ள அடியில் சிறு விளிம்பு; அதைத் தாங்கி மரச் சிற்பம். இப்படி 28 இருக்கைகள். அவற்றில் ஒன்றில், குறைந்த அளவுக் குவளையும் கையுமாகப் பிடிபட்ட பீர் விற்பவளைப் பிசாசுகள் நரகத்தின் வாய்க்குத் தூக்கிச் செல்கின்றன! சந்தையை நம்பி வாழ்ந்த ஊருக்கு அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கம்பளியில் எழுந்த மாளிகை
லட்லோவின் செல்வம் ஆட்டு ரோமத்தில் வந்தது. இவ்வூர் வணிகர் லாரன்ஸ், அரசர் முதலாம் எட்வர்டுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பெரும் புள்ளி. அருகே ஸ்டோக்சேயில் அவர் கட்டிய கோட்டை மாளிகை 700 ஆண்டுகள் கடந்தும் பெரிதாக மாறாமல் நிற்கிறது. ஆனால் 1294இல் கம்பளி ஏற்றிய கப்பல் மூழ்கி அவர் கடலில் மாண்டார்.

இரண்டு இளவரசர்கள்
லட்லோ கோட்டையில் வளர்ந்த இளவரசர் எட்வர்டு, 1483இல் தந்தை இறந்ததும் 12 வயதில் அரசராகி லண்டனுக்குப் புறப்பட்டார். முடிசூட்டு விழா நடக்கவே இல்லை. லண்டன் கோபுரத்தில் தம்பியோடு காணாமல் போனவர் இவர்தான். 1502இல் இதே கோட்டையில் 15 வயது இளவரசர் ஆர்தர் இறந்தார். அவர் மனைவி கேத்தரினைப் பின்னர் மணந்தவர் தம்பி எட்டாம் ஹென்றி. அந்த மணத்தை முறிக்கப் போய்த்தான் இங்கிலாந்து ரோம் திருச்சபையைவிட்டே பிரிந்தது.

மில்டனின் அரங்கேற்றம்
ஜான் மில்டன் எழுதிய 'கோமஸ்' 1634 செப்டம்பர் 29 அன்று இக்கோட்டை மண்டபத்தில் முதன்முதலாக மேடையேறியது. அப்போது மில்டனுக்கு 25 வயது. நடித்தவர்களில் மூவர், வேல்ஸ் எல்லைப்புறத்தை ஆள வந்த பிரபுவின் பிள்ளைகள்.

சென்னை ஆளுநர் வாங்கிய கோட்டை
இக்கோட்டையிலிருந்து இயங்கிய வேல்ஸ் எல்லைப்புற நிர்வாக மன்றம் 1689இல் கலைக்கப்பட்டதும் கோட்டை பாழடைந்தது. 1811இல் அதை அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் பாவிஸ் பிரபு. அவர் வேறு யாருமல்ல. ராபர்ட் கிளைவின் மூத்த மகன் எட்வர்டு கிளைவ். 20 ஆண்டுகள் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநர். அந்த ஐந்தாண்டுகளில் தமிழகம் கண்டவை எத்தனை! 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். கர்நாடக நவாபின் ஆட்சியும் கும்பினி கைக்குப் போனது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் இவர் காலத்தில்தான். திப்பு சுல்தானின் கூடாரம் இன்றும் வேல்ஸில் உள்ள பாவிஸ் கோட்டையில் இருக்கிறது. லட்லோ கோட்டையைச் சுற்றிவரும் தமிழர் ஒவ்வொருவரும் இதை அறிந்து நடக்க வேண்டும்.

நெப்போலியனின் தம்பி
கடலில் பிரிட்டிஷாரிடம் சிக்கிய லூசியன் போனபார்ட், 1811இல் காவல் கைதியாகத் தங்கவைக்கப்பட்ட இடம் கோட்டைக்கு அருகிலுள்ள டின்ஹாம் இல்லம்.

செங்கல் முகம், மர உடம்பு
பிராட் தெருவில் பல வீடுகளின் முகப்பு 18ஆம் நூற்றாண்டுச் செங்கல். உள்ளே போனால் அதைவிடப் பழைய மரச் சட்டக வீடு! நாகரிகம் மாறியபோது வீட்டை இடிக்காமல் முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். மரவேலைப்பாட்டை அப்படியே பார்க்க 1619இல் எழுந்த 'ஃபெதர்ஸ்' கட்டடத்தின் முன் நில்லுங்கள். பிராட் தெருவின் உச்சியில் இருப்பது 1740களில் கட்டிய 'பட்டர்கிராஸ்'. அதன் தூண்களுக்கு நடுவே வெண்ணெய் விற்றார்கள்.

கவிஞரின் அஸ்தி
ஷ்ராப்ஷயரைக் கவிதையில் நிலைநிறுத்திய ஏ.இ. ஹௌஸ்மன் அம்மாவட்டத்தில் பிறந்தவர் அல்லர், பக்கத்து வூஸ்டர்ஷயர்காரர். 1936இல் அவர் மறைந்தபின் அஸ்தி வந்து சேர்ந்தது லட்லோ தேவாலயச் சுவரடிக்கு.

42 கோடி ஆண்டுப் பழமை
புவியியலாளர்கள் சிலூரியன் காலத்தின் ஒரு பகுதிக்கு 'லட்லோ' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில், லட்ஃபோர்டு பாறையில் ஆதி மீன்களின் எலும்புத் துணுக்குகளும், நிலத்தில் வாழ்ந்த மிகப் பழைய உயிர்களின் புதைபடிவங்களும் கிடைத்தன.

கட்டடம் போனது, சந்தை நின்றது
கோட்டைச் சதுக்கத்தில் 1880களில் எழுப்பிய செங்கல் நகர மன்றத்தை 1986இல் இடித்தார்கள். அந்த இடம் திறந்தவெளிச் சந்தைக்கே திரும்பிவிட்டது. 1995 முதல் ஊருக்கென்று உணவுத் திருவிழா. இத்தாலியில் பிறந்த 'சிட்டாஸ்லோ' நிதான நகர இயக்கத்தில் பிரிட்டனிலிருந்து முதலில் சேர்ந்ததும் (2003) லட்லோதான்.

எப்படி, எப்போது?
லண்டனிலிருந்து நேரடி ரயில் கிடையாது. ஷ்ரூஸ்பரிக்கோ ஹெரிஃபோர்டுக்கோ போய் மாறினால் ஏறத்தாழ அரை மணிப் பயணம். திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகியவை வழக்கமான சந்தை நாட்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லைப்புற மன்றம் கலைந்தது, கம்பளி வணிகம் ஓய்ந்தது, கோட்டை கைமாறியது. ஊரை விடாமல் காத்தது வாங்க வந்த மக்கள் கூட்டம். ஆகவே வேடிக்கை பார்ப்பதோடு நிற்காதீர்கள். ரொட்டியோ பாலாடைக்கட்டியோ உள்ளூர்க்காரர் கையால் வாங்கிச் சாப்பிடுங்கள். சந்தை நகரத்துக்கு விருந்தாளி செய்யக்கூடிய மரியாதை அதுவே.