பெரம்பலூரிலிருந்து வெளிநாட்டு இளங்கலைக்கு விண்ணப்பம்: சில குறிப்புகள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் "வெளிநாட்டுப் படிப்பு" என்றால் பெரும்பாலும் இரண்டு பாதைதான் காதில் விழும். ஏஜென்ட் பிடித்து எம்.பி.பி.எஸ்., இல்லையென்றால் இங்கே இன்ஜினியரிங் முடித்துவிட்டு எம்.எஸ். பிளஸ் டூ முடித்த கையோடு, வீட்டில் பெரிதாகப் பணமும் இல்லாமல், நேராக இளங்கலைக்கே போவது என்பது ரொம்பக் குறைவாகப் பேசப்படும் மூன்றாவது பாதை. 2021 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் காசிபாளையத்தைச் சேர்ந்த ஒரு விவசாயி மகளுக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பேப்பரில் எல்லாம் "ரூ.3 கோடி" என்றுதான் தலைப்பு. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தப் பெண் 14 வயதிலிருந்தே ஒரு பயிற்சி அமைப்பில் தயாராகி வந்தவர். இன்னொன்று, இடம் கிடைத்தபோது அவருக்குப் பொதுத்தேர்வே நடந்திருக்கவில்லை.

இந்தக் காலக்கணக்கைத்தான் முதலில் புரிந்துகொள்ளணும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு முன்கூட்டிய விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் 1, சாதாரண விண்ணப்பம் ஜனவரி 1 வாக்கில். முடிவு மார்ச் கடைசிக்குள் வந்துவிடும், மே 1க்குள் பதில் சொல்லணும். நம்ம பிளஸ் டூ ரிசல்ட் வருவதோ மே மாதம். அதாவது 600க்கு எத்தனை என்று தெரிவதற்கு முன்பே அங்கே எல்லாம் முடிந்துவிடும். அவர்கள் பார்ப்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரையிலான மதிப்பெண்களும், பிளஸ் டூ காலாண்டு, அரையாண்டும். பத்தாம் வகுப்புக்குச் சான்றிதழ் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு மார்க் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்கே போய், தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிளஸ் ஒன் சேர்ந்த உடனே செய்தால் ஒரு நாள் வேலை. பிளஸ் டூ டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் அலைந்தால் உயிர் போயிடும்.

அடுத்தது பணம். அங்கே "நீட்-பிளைண்ட்" என்று ஒரு வார்த்தை உண்டு. அரியலூர்க்காரர்களுக்கு நீட் என்றாலே வேறு ஞாபகம் வரும். இது அந்த நீட் இல்லை, "தேவை" என்ற பொருளில் வருவது. உனக்குப் பண உதவி எவ்வளவு தேவை என்பதைப் பார்க்காமலே தேர்வு செய்வோம் என்று அர்த்தம். தேர்வானால் குறைகிற பணத்தை நாங்கள் தருகிறோம் என்பது தனி வாக்குறுதி. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இந்த இரண்டையும் செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பௌடன் மாதிரி. ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடையாது. மற்ற பல கல்லூரிகளில் உதவி கேட்டால் வாய்ப்பு குறையும். அதற்காக "உதவி வேண்டாம்னு டிக் பண்ணு, உள்ளே போய்க் கேட்டுக்கலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர் சேரும்போது கேட்கவில்லை என்றால் பிறகு கேட்கவே முடியாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத விவசாயக் குடும்பம் என்றால் தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழை இ-சேவையில் வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு, வருமானம் எப்படி வருகிறது என்று ஒரு பக்கம் விளக்கியும் வைக்க வேண்டும்.

இனி பள்ளி எழுத வேண்டியது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் "கவுன்சலர்" கடிதம் என்று ஒன்று உண்டு. நம்ம பள்ளியில் அப்படி ஒரு பதவி கிடையாது, தலைமையாசிரியர்தான் கவுன்சலர். அவரும் பாட ஆசிரியர்களும் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதியே பழகியவர்கள்: "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வாழ்த்துகள்." அங்கே படிப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. கணக்கில் இந்தப் பிள்ளை எந்தக் கேள்வியைக் கேட்டது, எந்த நாளில் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நடந்த விஷயம் வேண்டும். ஆசிரியர் தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாம். இரண்டு மூன்று சம்பவங்களை நினைவுபடுத்திக் குறிப்பு எழுதிக் கொடுப்பது மாணவர் வேலை. கடிதத்தையே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து கேட்கக் கூடாது. பள்ளியைப் பற்றியும் ஒரு பக்கம் போகும்: எத்தனை மாணவர்கள், என்ன பயிற்றுமொழி, என்னென்ன பாடப்பிரிவுகள். இந்தப் பக்கம்தான் நம்ம பிள்ளையின் மார்க்கை அவர்கள் எந்தத் தராசில் நிறுக்கணும் என்று சொல்வது. ஏனோதானோ என்று விடக்கூடாதது.

நான் அதிகம் யோசித்தது செயல்பாடுகள் பட்டியலைப் பற்றி. பத்து வரி, ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. நம்ம பிள்ளைகள் இதைப் பார்த்ததும் "விவாதப் போட்டி, பியானோ, ரோபோ எல்லாம் எனக்கு இல்லையே" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி. எழுதலாம் என்பது தெரியும். வீட்டு வேலையும் கூலி வேலையும் அதில் தனி வகையாகவே இருப்பது பலருக்குத் தெரியாது. செட்டிகுளம் பக்கத்துப் பிள்ளை சின்ன வெங்காயம் அறுத்து, தாள் கிள்ளி, பட்டறை போட்டு, விலை ஏறும்வரை அழுகாமல் பார்த்துக்கொள்கிறது என்றால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டு எழுதலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

650 வார்த்தைக் கட்டுரைக்கும் இதே கதைதான். இந்த இரண்டு மாவட்டத்தின் மண் நிலவியலில் உலகப் பெயர் பெற்றது. காரையில் மாடு மேய்க்கிற இடத்தில் கடல் உயிர்களின் புதைபடிவம் கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கிறது. ஆனால் "எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது" என்று ஊர்ப்பெருமை எழுதினால் அது சுற்றுலாத் துண்டறிக்கை. அந்தக் கல்லை எடுத்து வந்து, யாரிடம் கேட்டு, என்ன தப்பாகப் புரிந்து, பிறகு எப்படித் தெரிந்துகொண்டாய் என்று எழுதினால்தான் அது உன் கட்டுரை.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் மாட்டிக்கொள்வது இதில்தான். "மா. கவிதா" என்று மார்க் ஷீட்டில் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாதவர் என்று எஃப்.என்.யு. போட்டுவிடுவார்கள். முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். நமக்கு மண்டல அலுவலகம் திருச்சி. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு, பிறகு எஸ்.ஏ.டி. தேர்வு, காமன் ஆப் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலை வையுங்கள். எஸ்.ஏ.டி. மாதிரி ஒரு தேர்வு எம்.ஐ.டி.க்குக் கட்டாயம். பௌடன் 1969லிருந்தே அதைக் கட்டாயமாக்கவில்லை.

ஜெர்மனி மலிவு என்பார்கள். கட்டணம் வகையில் சரிதான். ஆனால் வெறும் பிளஸ் டூவை வைத்து நேரடியாகச் சேர முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்கணும், அல்லது இங்கே கல்லூரியில் ஒரு வருஷம் முடிக்கணும், இல்லையென்றால் அங்கே ஒரு வருஷம் தயாரிப்புப் படிப்பு. செலவுப் பணத்தையும் முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்போது இங்கே இருக்கிற பாதையை விட்டுவிடக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 2020லிருந்தும் பொறியியலில் 2021லிருந்தும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பொறியியலுக்கு அந்த இடம் பிளஸ் டூ மார்க்கில்தான் கிடைக்கும். அதனால் கட்டுரை, கடிதம், பட்டியல் எல்லாவற்றையும் பிளஸ் ஒன் கோடை விடுமுறையிலேயே எழுதி முடித்துவிட்டு, அக்டோபருக்குப் பிறகு திருத்தம் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஜனவரி 1க்கு அப்புறம் பாடப்புத்தகம்தான்.