சீலருக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிரெய்கிபர்னுக்குத் தெற்கே, ஹியூம் நெடுஞ்சாலையை ஒட்டிய கேம்பல்ஃபீல்டில்தான் ஃபோர்டின் பிராட்மெடோஸ் ஆலை இருந்தது. 2016 அக்டோபர் 7 அன்று கடைசி ஃபால்கன் காரைச் செய்துவிட்டு மூடினார்கள். அங்கே 1970களில் பிறந்த ஒரு ஃபால்கன் உங்கள் கராஜில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்ப்பெட்டைத் தூக்கினால் தகடுகள் சேரும் இடமெல்லாம் காய்ந்து வெடித்த ஒரு பட்டை தெரியும். அதுதான் சீம் சீலர்.

தண்ணீரைத் தடுக்க வைத்த இந்தப் பசை வெடித்துவிட்டால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரு தகடுகளுக்கு நடுவே துரு, ஈழத்தவர் சொல்லில் கறள், வெளியே தெரியாமல் தின்னும்.

சுரண்டும் முன் ஒரு வேலை. அந்தக் காலத்துச் சீலரிலும் தரையில் ஒட்டிய தார் அட்டையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆஸ்திரேலியா அதை முழுதாகத் தடை செய்தது 2003 டிசம்பர் 31 முதல்தான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு துண்டை நனைத்து எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இருந்தால் உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

இல்லை என்று உறுதியானால், தார் அட்டைக்குக் குளிர், சீலருக்குச் சூடு. உலர் பனிக்கட்டியை அட்டைமேல் பரப்பிச் சுத்தியலால் தட்டினால் ஓடு மாதிரி உடைந்து வரும். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். சீலரை ஹீட் கன்னால் இளக்கி, மழுங்கிய சுரண்டியைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். புகை வந்தால் சூடு அதிகம்: பிவிசி கலந்த சீலர் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். தகட்டுக்குக் கீழே பெட்ரோல் குழாய் ஓடுவதையும் மறக்க வேண்டாம். கம்பி பிரஷ் பொருத்திய கிரைண்டரை முதலிலேயே எடுப்பது அவசரக்காரர் வேலை. பசையை இழுத்துப் பூசும், தூசியைக் கிளப்பும். கடைசி மிச்சத்துக்கு மட்டும் அது போதும், அதுவும் முகமூடி, கண்ணாடியோடு.

மூட்டு வெளுத்ததும் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்வதுதான் வழி. பட்டி பூசி மறைப்பது ஏமாற்று வேலை. தகடு உறுதியாக இருந்தால் துருவை நீக்கி, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அதன்மேல் பாலியூரிதேன் சீலர். வெறும் தகட்டில் நேராகப் பூச வேண்டாம்.

விக்டோரியாவில் 25 வயது தாண்டிய வண்டியை, பழைய வண்டிகளுக்கான கிளப் பெர்மிட்டில் ஆண்டுக்கு 45 அல்லது 90 நாள் ஓட்டலாம். 1948க்குப் பிந்தைய வண்டிக்குச் சாலைத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தரையில் துரு ஓட்டை இருந்தால் அது கிடைக்காது.