வாயில்லாப் பிராணியும் வாட்டும் காய்ச்சலும்



ஆடு மேய்ப்பது நபிமார்கள் செய்த தொழில். இன்றும் நம் சமுதாயத்தில் பால் கறப்போர், ஆட்டு வியாபாரம் செய்வோர், இறைச்சிக்கடை நடத்துவோர் எனப் பலர் அன்றாடம் பிராணிகளோடு புழங்குகின்றனர். இவர்களைத் தேடி வரும் ஒரு நோயைப் பற்றி இங்கே சிந்திப்போம். மருத்துவர்கள் அதனைப் புரூசெல்லோசிஸ் என்பர். சினை மாடு காலம் நிறையுமுன்பே கன்றை வீசிவிடுவதால், கன்று வீச்சு நோய் என்றும் அதற்குப் பெயர் உண்டு.

இது பாக்டீரியா கிருமியால் உண்டாவது. நோயுற்ற பிராணியின் காய்ச்சாத பாலை அருந்துவதாலும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவதாலும் மனிதரைப் பற்றுகிறது. ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி, தீராத அசதி ஆகியவை இதன் அடையாளங்கள். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்றெல்லாம் தவறாக எண்ணப்படுவதும் உண்டு. காய்ச்சாத ஒட்டகப் பாலாலும் இது பரவும். வளைகுடா நாடுகளில் பணியாற்றும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மால்டா தரும் பாடம்

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்கள் இக்காய்ச்சலால் பெரிதும் வருந்தினர். 1887ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர், மாண்ட வீரர்களின் மண்ணீரலில் இக்கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது என்பது விளங்க மேலும் 18 ஆண்டுகள் சென்றன. 1905ஆம் ஆண்டில் மால்டா மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித், ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்து விடை கண்டார். அந்த ஆடுகளோ பார்வைக்கு நலமாகவே இருந்தன! மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது.

சரியான வினாவுக்கு விடை தேடியதால் எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டன. இன்று விடை தேட வேண்டிய வினாக்கள் யாவை?

முதலாவது, நோயைக் கண்டறியும் முறை. வெளிப்படையான நோயுள்ள பிராணி குர்பானிக்கு ஆகாது என்று நாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். இந்நோயோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சில நிமிடங்களில் முடிவு சொல்லும் மலிவான இரத்தச் சோதனை உண்டு. ஆனால் தடுப்பூசி போட்ட மாட்டையும் நோயுற்ற மாட்டையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை. சந்தையிலேயே செய்யத்தக்க, பிரித்தறியும் சோதனை வேண்டும்.

இரண்டாவது, தடுப்பூசி. மனிதருக்கு நம்பிப் போடத்தக்க தடுப்பூசி இன்றுவரை இல்லை. மாடுகளுக்கு எஸ்-19, ஆடுகளுக்கு ரெவ்-1 என்னும் தடுப்பூசிகள் உண்டு. இரண்டும் உயிருள்ள கிருமியால் ஆனவை. சினைப் பிராணிக்குப் போட்டால் கரு கலையக்கூடும். ஊசி தவறிக் கையில் குத்தினால் போடுபவரையே நோய் பற்றக்கூடும். இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுள்ள பசு, எருமைப் பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. மனிதரை மிகக் கடுமையாகத் தாக்கும் கிருமி இனமோ ஆடுகளிலேயே மிகுதி. ஆகவே ஆடுகளுக்குத் தீங்கற்ற தடுப்பூசி காண்பது அவசரமான பணி.

மூன்றாவது, சிகிச்சை. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏறத்தாழ ஆறு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவர் சற்றே குணம் தெரிந்ததும் விட்டுவிடுவார், நோய் திரும்பிவிடும். குறுகிய காலத்தில் குணமளிக்கும் முறை தேவை.

நான்காவது, கணக்கெடுப்பு. உலகில் ஆண்டுக்கு 5 இலட்சம் பேரை இந்நோய் பற்றுகிறது என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடோ 16 முதல் 21 இலட்சம் என்கிறது. எத்தனை பேர் என்றே திட்டமாகத் தெரியாத நோய்க்கு எந்த அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கும்?

ஐந்தாவது வினா, ஏழையின் இழப்பைப் பற்றியது. கன்று வீசிய மாட்டை அவர் என்ன செய்வார்? ஒன்றும் சொல்லாமல் சந்தையில் விற்றுவிடுவார். நோயும் ஊர் மாறிச் செல்லும். குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் ஆகாது. அதில் ஐயமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் அக்குடும்பத்தின் ஒரே முதலும் போய்விடுமே! அவர் உண்மை சொல்லத் துணை நிற்கும் இழப்பீட்டு முறை எது என்பதும் ஆராயப்பட வேண்டும். இதற்கான விடை ஆய்வுக்கூடத்துக் குப்பிகளில் இல்லை. ஆட்டுப்பட்டியிலும் மாட்டுச்சந்தையிலும்தான் அதைத் தேட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

சகோதர, சகோதரிகளே! பாலைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே அருந்துங்கள். நன்கு வெந்த இறைச்சியைப் பற்றி அச்சம் வேண்டாம். ஆடு, மாடு ஈனும்போது கையுறை அணியுங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் ஆழப் புதையுங்கள். காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம், "நாங்கள் ஆடு வளர்க்கிறோம்" என்று மறவாமல் சொல்லுங்கள். அவ்வொரு சொல் அவருக்குச் சரியான வழியைக் காட்டிவிடக்கூடும்.

கால்நடை மருத்துவமும் நுண்ணுயிரியலும் பயிலும் நம் பிள்ளைகள், இவ்வினாக்களில் ஒன்றையேனும் தமதாக்கிக்கொள்ளட்டும். மருந்தில்லாத நோயை இறைவன் இறக்கவில்லை என்பது நம் நம்பிக்கை. அந்த மருந்தைத் தேடுவதோ நம் பொறுப்பு. வல்ல அல்லாஹ் அம்முயற்சிக்கு அருள்புரிவானாக! ஆமீன்.