பட்டுப்புழு வளர்ப்புக் கொட்டகை: கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

தருமபுரி ஜில்லாவில் கிணற்றுப் பாசனமுள்ள சிறு குடியானவர்களுக்கு வருஷத்தில் பலமுறை கையில் ரொக்கம் தரக்கூடிய தொழில்களில் பட்டுப்புழு வளர்ப்பு முக்கியமானது. முற்காலத்தில் சென்னை ராஜதானியில் இத்தொழிலுக்குப் பெயர்போன இடம், 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகாவாகும். அது மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தபின், நம் பக்கத்தில் இத்தொழில் வேரூன்றிய பிரதேசங்களில் தருமபுரியும் ஒன்று. தருமபுரி நகரிலேயே அரசாங்கப் பட்டுக்கூடு அங்காடி இருப்பதால், விளைந்த கூட்டை ஏலத்தில் விற்பதற்கு வெகுதூரம் செல்லவேண்டிய சிரமமும் நமக்கில்லை.

இத்தொழிலில் இறங்கும் அங்கத்தினர்கள் செய்யும் பெருஞ்செலவு கொட்டகைச் செலவேயாகும். செடி வாடினால் மறுபடியும் நடலாம். ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை பிசகாக அமைந்துவிட்டாலோ, அப்பிசகு ஒவ்வொரு போகத்திலும் நஷ்டத்தைத் தந்துகொண்டேயிருக்கும். கடன் தவணை மட்டும் நிற்காது. மலிவாகக் கிடைக்கிறதென்று முதலில் தகடுகளை வாங்கி, தகட்டின் நீளத்துக்குச் சுவரெழுப்பி, பிறகு அதற்கேற்ப எத்தனை புழு வளர்க்கலாமென்று யோசிப்பது தலைகீழான வழி. இலையிலிருந்து புழு, புழுவிலிருந்து தாங்கி, தாங்கியிலிருந்து சுவர், சுவரிலிருந்து கூரை என்பதே சரியான வரிசை.

1. இலையே அளவுகோல்

நோயற்ற முட்டைத் தொகுதி ஒன்றில் சுமார் 400 முதல் 500 முட்டைகள் இருக்கும். 100 தொகுதிப் புழுக்களை வளர்த்து முடிக்க ஏறத்தாழ 1 டன் மல்பெரி இலை வேண்டும். இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட இலையைப் புழு தன் கடைசி வாரத்திலேயே தின்கிறது. ஆகையால் முதல் பதினைந்து நாட்களில் இலை மிஞ்சியிருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. கடைசி வாரத்தில் இலை குறைந்தால் அதுவரை செய்த செலவனைத்தும் வீணாகும்.

ஆகவே கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் தோட்டத்து இலையை நிறுத்துப் பார்க்கவேண்டும். தோட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் நல்லதும் சுமாருமாக 20 செடிகளைத் தேர்ந்து, அறுவடைப் பருவத்தில் இலையைக் கிள்ளி நிறுத்து, செடி ஒன்றுக்குச் சராசரி காண்க. ஜோடி வரிசையில், 3 அடியும் 5 அடியும் மாறிமாறி வரிசை இடைவெளியும், செடிக்குச் செடி 2 அடியும் விட்டு நட்டால், ஏக்கருக்கு 5,445 செடிகள் அடங்கும். பத்தில் ஒன்று பட்டுப்போனதாக வைத்தால் நிற்பவை சுமார் 4,900. செடிக்கு அரைக் கிலோ இலை கிடைத்தால் 2,450 கிலோ. வாடியதும் முற்றியதும் போக, 200 தொகுதிக்கு மேல் அத்தோட்டம் தாங்காது. செடிக்குக் கால் கிலோதான் கிடைக்குமாயின் 100 தொகுதியே எல்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் கிணறு வற்றும் தோட்டமானால், அம்மாதங்களின் இலையையும் தனியே கணக்கிடுதல் அவசியம்.

2. தாங்கிகளும் நடைபாதையும்

முட்டையிலிருந்து பொரிந்த புழு முதிர்ச்சியடையும்போது அதன் எடை ஏறத்தாழ 10,000 மடங்கு பெருகிவிடும். கொட்டகையின் அளவைப் புழுவின் கடைசி வாரத்தைக் கொண்டே நிர்ணயிக்கவேண்டும். தண்டோடு இலை போட்டு வளர்க்கும் முறையில் 100 தொகுதிக்குச் சுமார் 600 சதுர அடிப் படுக்கை வேண்டுமென்று கொள்ளலாம். 200 தொகுதிக்கு 1,200 சதுர அடியாகும்.

5 அடி அகலமும் 40 அடி நீளமும் மூன்று அடுக்கும் கொண்ட தாங்கி ஒன்று 600 சதுர அடி தரும். அத்தகைய தாங்கிகள் இரண்டு போதும். இரண்டுக்கும் நடுவிலும் சுவரோரங்களிலும் 3 அடி பாதை விட்டால், உள்ளளவு 46 அடி நீளமும் 19 அடி அகலமுமாகும். பாதையைச் சுருக்கி மூன்றாம் தாங்கியை நுழைக்கும் ஆசை வேண்டாம். இலைக்கட்டைத் தலையிலேந்திய இருவர் எதிரெதிரே வந்து விலக இடமில்லாத கொட்டகையில் வேலையும் நடவாது, காற்றும் நடமாடாது.

இவ்வளவுகளைக் காகிதத்தில் எழுதியபின், தேர்ந்த இடத்தில் முளையடித்துக் கயிறு கட்டி, தாங்கிகள் நிற்குமிடத்தைச் சுண்ணாம்பால் கோடிட்டு, இலைக்கட்டோடு உள்ளே நடந்து பார்க்கவும். செலவில்லாத இச்சோதனை பிற்பாடு சுவரை இடிக்கும் செலவைத் தவிர்க்கும்.

இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களை இளம்புழு வளர்ப்பு மையங்களில் விலைக்குப் பெறலாமாதலால், அருகில் நல்ல மையமிருப்பின் இளம்புழுவுக்கெனத் தனியறை கட்டவேண்டுவதில்லை.

3. இடமும் திசையும்

கொட்டகை குடியிருக்கும் வீட்டோடு ஒட்டாமல் தனியே, தண்ணீர் தேங்காத மேட்டில், தோட்டத்துக்கருகில் அமையவேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும் வயல்களுக்கும் புகையிலைப் பயிருக்கும் அருகே மல்பெரியோ கொட்டகையோ வேண்டாம். காற்றில் வரும் மருந்தும், புகையிலையின் நஞ்சு படிந்த இலையும் புழுவைக் கொல்லும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால், காலை மாலை வெயில் சிறிய சுவர்களில் மட்டுமே படும். மேற்குப் பக்கத்தில் வேம்போ புங்கமோ நட்டால் நிழலாகும். ஜன்னல்கள் வடக்கு, தெற்குச் சுவர்களில் எதிரெதிராக இருக்கட்டும். உஷ்ணக்காற்று வெளியேறக் கூரைக்கடியில் காற்றுத் துவாரங்களும் வேண்டும்.

4. கூரை

வளர்ந்த புழுவுக்கு 24 முதல் 26 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமும், 70 சதவீதத்துக்குக் குறையாத காற்றின் ஈரமும் ஏற்றவை. நம் ஜில்லாவின் கோடைப் பகலில் வெளியுஷ்ணமே 35 டிகிரியைத் தாண்டிவிடும். தகடு ஒன்றையே கூரையாகப் போட்டால் உள்ளே உஷ்ணம் மேலும் ஏறும்; புழு இலையைத் தின்னாமல் சோர்ந்து நோய்க்கு இரையாகும். ஓட்டுக் கூரையோ, மேலே கீற்று வேய்ந்த தளமோ, விலை கூடினாலும் பலனில் மலிவானது. தகடுதான் கைக்கெட்டும் என்போர், அதன்மேல் தென்னங்கீற்று பரப்பும் செலவையும், அதை அவ்வப்போது மாற்றும் செலவையும், நெருப்புக்கு எதிரான ஜாக்கிரதையையும் முதலிலேயே கணக்கில் சேர்க்கவேண்டும். கோடைமழையோடு வரும் சுழற்காற்றுக்கு அசையாதபடி கூரையைச் சுவரோடு இறுகப் பிணைப்பதும் அவசியம்.

5. சுத்தத்துக்கேற்ற அமைப்பு

1865-ல் பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் பட்டுத்தொழிலை அழித்துவந்த பெப்ரின் நோயை ஆராயச் சென்ற லூயி பாஸ்டர், தாய் அந்துப்பூச்சியைப் பூதக்கண்ணாடியில் சோதித்து நோயற்ற முட்டையைப் பிரித்தெடுக்கும் வழியைக் காட்டினார். இன்று நாம் வாங்கும் நோயற்ற முட்டைத் தொகுதி அவ்வழியில் வந்ததே. ஆயினும் சுத்தமான முட்டையை அசுத்தமான கொட்டகையில் வளர்த்தால் பிரயோஜனமில்லை.

ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் பின்னும் தரை, சுவர், தாங்கி யாவற்றையும் கழுவிக் கிருமிநாசினி தெளிக்கவேண்டியிருப்பதால், தரை சிமெண்டாலும் சுவர் வழவழப்பான பூச்சாலும் அமையட்டும். கழுவுநீர் வடியத் தரைக்குச் சற்றே சரிவு கொடுக்கவும். 1980-ல் கர்நாடகத்தில் தோன்றிப் பின்னர் நம் பக்கமும் பரவிய ஊஜி ஈ, புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும். அதைத் தடுக்க ஜன்னல்களுக்கும் துவாரங்களுக்கும் வலையடித்து, வாசலில் இரண்டு கதவுள்ள முன்னறை ஒன்று வைத்து, அங்கேயே கைகால் கழுவ வசதி செய்யவேண்டும். பறித்த இலை வாடாதிருக்கக் குளிர்ந்த சிற்றறையும், புழுக்கழிவுக்குத் தூரத்தில் ஒரு குழியும் தேவை. எறும்பேறாமலிருக்கத் தாங்கிக் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வைக்கவும்.

6. பணமும் கடனும்

கல், மணல், சிமெண்டு, கூரை, கூலி இவற்றோடு தாங்கி, வலை, மின்சார இணைப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றையும் எழுதி, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கவும். எப்பொருளுக்கும் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்ட பின்னரே முன்பணம் கொடுக்கவும். அரசாங்க உதவித்தொகையை நாடுவோர், பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்தில் அவ்வருஷத்து விதிகளையும் கொட்டகைக்கு விதித்த அளவையும் நேரில் கேட்டறிந்து, எழுத்துமூலம் அனுமதி கிடைத்த பின்னரே வேலை தொடங்குதல் நலம். உதவித்தொகை வந்து சேருமுன் கூலி கொடுக்கவேண்டிவரும் என்பதையும் மறவாதீர்.

சங்கத்தில் கடன் கேட்குமுன் வருமானத்தைக் குறைத்தே மதிப்பிடுங்கள். வருஷத்தில் ஐந்து போகம் எடுக்கக்கூடுமாயினும் நான்கென வையுங்கள். 100 தொகுதிக்கு 60 கிலோ கூடு என்று கொண்டால் 200 தொகுதிக்கு 120 கிலோ. சென்ற வருஷம் அங்காடியில் விற்ற விலைகளில் தாழ்ந்த மாதத்து விலையைக் கொண்டு இதைப் பெருக்கி, புழு, கூலி, எரு, மருந்துச் செலவுகளைக் கழியுங்கள். மிஞ்சியதில் பாதிக்கு மேல் கடன் தவணைக்கே போகுமானால் கொட்டகை பெரிதென்று பொருள்.

அத்தகையோர் 20 அடித் தாங்கிகள் இரண்டுடன், 26 அடி நீளமும் 19 அடி அகலமுமான கொட்டகையை 100 தொகுதிக்காகக் கட்டிக்கொள்ளலாம். ஒரு குறுக்குச் சுவருக்கு அப்பால் 20 அடி நிலத்தைக் காலியாக விட்டு, கூரை உத்திரத்தையும் நீட்டுவதற்கு இசைவாக அமைத்தால், முதற்கடன் தீர்ந்தபின் அகலம் மாறாமலே கொட்டகையை இரட்டிப்பாக்க முடியும்.

கட்ட விரும்பும் அங்கத்தினர், தம் தோட்டத்து இலை நிறையையும் கொட்டகைப் படத்தையும் செலவுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவருவாராக. ஏற்கெனவே புழு வளர்த்துவரும் அங்கத்தினர்கள் அதைப் பார்த்துக் குறை சொல்வது, சுவர் எழும்பிய பிறகு சொல்வதைவிட எவ்வளவோ மேலானது.